அழுகைக் கோச்சியில் பிரிந்த சொந்தம்



மலர்க் குழுவிலிருந்து என் சீனியர் ஒருவர் போன் செய்து, "தம்பி, இந்த வருஷ மலருக்கு நீ ஏதாவது எழுதிக் கொடு" என்று கேட்டார். "டெக்னிக்கலா எழுதவா அண்ணே?" என்றேன். "அய்யய்யோ, அதெல்லாம் வேண்டாம். போன சந்திப்புல கேன்டீன்ல உட்கார்ந்து உங்க பாட்டி கதையைச் சொன்னியே, அதை எழுது" என்றார். பம்ப் டிசைன் செய்து பிழைக்கிற மெக்கானிக்கல்காரனுக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் சரித்திரம் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அதைத் திறந்து பார்க்க எனக்கு முப்பது வயது ஆகிவிட்டது. அந்தத் தாமதத்துக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பாட்டியின் டிரங்குப் பெட்டி

என் அப்பாவைப் பெற்ற பாட்டி இலங்கையில் பிறந்தவர். மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பராவில் 1945ல் பிறந்தார். 1973ல் தாத்தாவோடும், ஏழு வயது என் அப்பாவோடும், இரண்டு வயது அத்தையோடும் கப்பல் ஏறி இந்தியா வந்தார். இதெல்லாம் எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். ஆனால் 'தெரியும்' என்பது வேறு, 'கேட்டிருக்கிறேன்' என்பது வேறு. பாட்டி ரயிலைக் 'கோச்சி' என்பார், ரொட்டி சுட்டால் தேங்காய் துருவிப் போடுவார், கொழுந்து என்றால் வெற்றிலை அல்ல தேயிலைதான் என்பார். நாங்கள் பேரப் பிள்ளைகள் சிரிப்போம். அவ்வளவுதான்.

பாட்டிக்கு ஒரே தம்பி. ஆறு வயது இளையவர். அவர் இலங்கையிலேயே தங்கிவிட்டார். 1977க்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இருக்கிறாரா இல்லையா என்பதுகூடத் தெரியாது.

பெட்டிக்குள் தாத்தாவின் பாஸ்போர்ட், மண்டபம் முகாமில் கொடுத்த ஃபேமிலி கார்டு, ஒரு தகரத் துண்டு, பதினோரு கடிதங்கள். கடிதங்கள் எல்லாம் தம்பி எழுதியவை. முதல் கடிதம் 1973, கடைசிக் கடிதம் 1977 பிப்ரவரி.

தகர டிக்கெட்

அந்தத் தகரத் துண்டு என்ன என்று பாட்டிக்கே சரியாகத் தெரியவில்லை. "எங்க தாத்தா கழுத்துல கட்டியிருந்ததாம்" என்றார். தேடிப் படித்தபோதுதான் புரிந்தது.

இலங்கை மலைநாட்டுக்குத் தமிழ்த் தொழிலாளர் போகத் தொடங்கியது 1820களில். அப்போது தேயிலை இல்லை, காப்பி. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி ஜனங்கள் கிளம்பினார்கள். ராமேஸ்வரம் பக்கம் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் செத்தவர்கள் ஏராளம். 1869ல் காப்பி இலையில் ஒரு பூசண நோய் வந்து, அடுத்த இருபது வருஷத்துக்குள் காப்பித் தோட்டங்களையே அழித்துவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1867ல், ஜேம்ஸ் டெய்லர் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பிக்கு ஆள் அறுவடைக் காலத்தில் போதும். தேயிலைக்கு வருஷம் பூராவும் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் போய் வந்துகொண்டிருந்த ஜனங்கள் குடும்பத்தோடு அங்கேயே தங்க ஆரம்பித்தார்கள்.

ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடன். கடன் தீர்ந்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகத் 'துண்டு' கிடைக்கும். அந்தத் துண்டு முறை 1921ல்தான் ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்று எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத்தை ஒவ்வொரு ஆளும் கழுத்தில் கட்டிக்கொண்டு போக வேண்டும். வழியில் யார் பார்த்தாலும் இந்த ஆளை எந்தத் தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எஞ்சினியர் புத்தியோடு பார்த்தால் அது ஒரு நல்ல கோடிங் சிஸ்டம். பார்சலைப் போல மனிதனைத் தவறாமல் டெலிவரி செய்ய நூறு வருஷத்துக்கு முன்பே வழி கண்டுபிடித்திருந்தார்கள். அதே மனிதன் தன் அக்காவைத் தேட வேண்டுமென்றால் அதற்கு மட்டும் எந்த சிஸ்டமும் இல்லை.

ஒரு ஒப்பந்தம், இரண்டு நாடு

1948ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டம், நீ இங்கே பிறந்தவன் என்பது மட்டும் போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு அப்பன் பிறந்த சர்டிபிகேட் எங்கே இருக்கும்? 1947 தேர்தலில் ஓட்டுப் போட்ட தோட்டத்து ஜனங்களில் பெரும்பாலோருக்கு 1952 தேர்தலில் ஓட்டு இல்லை. 1949ல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் சுமார் 8 லட்சம் பேர் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான். மற்றவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கணக்கு இது: மொத்தம் 9,75,000 பேர். இந்தியா 5,25,000 பேரை எடுத்துக்கொள்ளும். இலங்கை 3,00,000 பேருக்குக் குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம். பிறகு 1974ல் இந்திரா காந்தி காலத்தில் அதையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த 9,75,000 பேரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

லட்சக் கணக்கில் பார்த்தால் இது எண். குடும்பத்துக்குள் வரும்போதுதான் இது கத்தி. மனுவைக் குடும்பத் தலைவர் போட வேண்டும். மனைவியும் சின்னப் பிள்ளைகளும் அவரோடு. வயதுக்கு வந்த மகன் தனி மனு. கல்யாணமான மகள் புருஷன் மனுவில். என் தாத்தாவின் அப்பா, 'செத்தாலும் முசிறிப் பக்கம் நம்ம ஊர்ல சாகணும்' என்று இந்தியாவுக்கு மனுப் போட்டவர். அவர் பிள்ளைகளும் அப்படியே. பாட்டியின் அப்பாவோ, 'நான் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த மலையில, எனக்கு எந்த ஊரு அங்க இருக்கு?' என்று இலங்கைக்கு மனுப் போட்டவர். ஆக, பாட்டி இந்தியா. அவர் தம்பி இலங்கை. ஒரே காம்பராவில் வளர்ந்த இரண்டு பேர், ஒரு அரசாங்கப் படிவத்தில் கட்டம் நிரப்பியதால் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள்.

அழுகைக் கோச்சி

1973ல் தாத்தாவுக்குக் கிளம்பும்படி நோட்டீஸ் வந்தது. பாட்டி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஹட்டன் ஸ்டேஷன்ல கால் வெக்க இடமில்ல. போறவங்க கொஞ்சம், வழியனுப்ப வந்தவங்க ஊரு சனம். மேளம் அடிக்கிறாங்க, மாலை போடுறாங்க, கல்யாணமா கருமாதியான்னே தெரியல. கோச்சி கிளம்புறப்போ அத்தனை பேரும் ஒண்ணா கத்துனாங்க பாரு, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. எந்தம்பி கோச்சியோட ஓடி வந்தான். 'அக்கா, ஒரு வருசத்துல வந்து பாக்குறேன்'னான். நானும் சரின்னேன்."

அந்த ரயிலுக்கு மலையக ஜனங்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. பொல்காவலை, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம். முன்பெல்லாம் கப்பல் தனுஷ்கோடிக்கு வரும். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள், 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. பிறகு மண்டபம் முகாம். ஒரு காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களை நிறுத்திப் பரிசோதித்து அனுப்பிய அதே மண்டபத்தில்தான், திரும்பி வந்தவர்களையும் வரவேற்றுக் கார்டு கொடுத்தார்கள். பாட்டியின் தாத்தா தகர டிக்கெட்டோடு போன வழியில் பாட்டி ஃபேமிலி கார்டோடு திரும்பி வந்தார்.

வந்தவர்களை அரசாங்கம் அப்படியே விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீலகிரியில் 1968லேயே தாயகம் திரும்பியோருக்காக அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்று 'டான்டீ' என்று நாம் டீ வாங்குகிறோமே, அதுதான். நம்மில் பலர் வீட்டு லோனுக்குப் போகும் ரெப்கோ வங்கியும் 1969ல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியவர்களுக்காகத் தொடங்கியதுதான். 'ரிபேட்ரியேட்' என்ற வார்த்தையின் தலைதான் அந்த 'ரெப்'. என் பேட்ச் நண்பர்களிடம் கேட்டேன், பாதிப் பேருக்குத் தெரியவில்லை. அங்கே கணக்கு வைத்திருக்கும் எனக்கே ரொம்ப நாள் தெரியாது!

தாத்தாவுக்குப் பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்ட வேலை கிடைத்தது. தெரிந்த தொழில், தெரிந்த குளிர். 1979ல் தாத்தாவுக்கு நெஞ்சுச் சளி அதிகமாகி, டாக்டர் மலையை விட்டு இறங்கச் சொல்ல, கோயமுத்தூர் வந்து ஒரு ஃபவுண்டரியில் வாட்ச்மேன் ஆனார். அப்பா கணபதியில் லேத் பட்டறையில் சேர்ந்தார். அந்த லேத் சத்தத்தில்தான் நான் மெக்கானிக்கல் படிக்க வந்தேன்.

மாமன் இல்லாத சடங்கு

பாட்டியின் மனசை அறுத்துக்கொண்டிருந்தது அந்தப் பதினோரு கடிதங்களில் ஒன்று. 1974ஆம் வருஷத்துக் கடிதம். அந்த வருஷங்களில் மலையகத்தில் கடுமையான பஞ்சம். வெளிநாட்டு உணவு இறக்குமதி குறைந்து, ரேஷன் சுருங்கி, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்த காலம். தம்பி எழுதியிருந்தார்: இங்கே மாவுக்கும் வழியில்லை, முடிந்தால் ஏதாவது உதவி செய் அக்கா, அப்பாவைப் பார்க்க முடியவில்லை என்று. பாட்டியிடமும் பணம் இல்லை. இருந்தாலும் அனுப்பும் வழி தெரியாது. 'இங்கேயும் கஷ்டம்தான், பொறுத்துக்கொள்' என்று யாரிடமோ சொல்லிப் பதில் எழுதிப் போட்டார். அந்த வருஷமே அவர்களுடைய அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் எதிலும் தம்பி உதவி என்ற வார்த்தையையே எழுதவில்லை. 1977க்குப் பிறகு கடிதமும் இல்லை.

"நாங்க இங்க ரேசன் அரிசி தின்னுக்கிட்டு, அவனைப் பொறுத்துக்கன்னு எழுதுனேனே. எந்தம்பிக்குக் கோவம். நியாயமான கோவம்" என்பார் பாட்டி. அந்த ஒரு வரியை அவர் நாற்பத்தாறு வருஷம் சுமந்தார்.

1984ல் என் அத்தைக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டு வர வேண்டும். மாமன் எங்கே? பாட்டி தானே கடைக்குப் போய் ஒரு சேலை எடுத்து, வெற்றிலை பாக்கு தேங்காய் பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து, "இது எந்தம்பி கொண்டு வந்ததுன்னு வெச்சுக்கங்க" என்று சபையில் வைத்தாராம். பெண்கள் எல்லாரும் அழுதுவிட்டார்கள் என்று அப்பா சொல்வார். அதற்கு முந்தின வருஷம்தான், 1983 ஜூலையில், இலங்கையில் பெரிய கலவரம். கொஞ்ச காலத்தில் கப்பலும் நின்றது. 1990ல் தலைமன்னார் ரயிலும் நின்றது. வழியே இல்லை என்றான பிறகு தேடுவது யார்?

வரைபடத்தில் இல்லாத தோட்டம்

2020ல் ஊரடங்கு. வேலை வீட்டிலிருந்து. ஒரு நாள் பாட்டி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பாட்டி, நான் தேடிப் பார்க்கட்டுமா?" என்றேன். "தேடி? அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கடிதங்களின் மேலே தோட்டத்தின் பெயர் தமிழில் இருந்தது. அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. ஒரு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். விஷயம் என்னவென்றால், மலையகத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர். துரைமார் வைத்த ஸ்காட்லாந்து, இங்கிலாந்துப் பெயர் ஒன்று. நம் ஜனங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர் இன்னொன்று. துரையின் தாடி, மலையின் உருவம், பழைய கங்காணியின் பெயர் என்று எதை வைத்தும் பெயர் வரும். போதாததற்கு 1972லும் 1975லும் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992ல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளுக்குப் போனது. இதில் தோட்டங்கள் சேர்ந்தும் பிரிந்தும் போயின.

இங்கேதான் நம் கல்லூரி உதவிக்கு வந்தது. எங்கள் பேட்ச் குரூப்பில் விஷயத்தைப் போட்டேன். எனக்கு நான்கு வருஷம் சீனியரான ஒரு சிவில் அண்ணன் கொழும்பில் ஒரு கட்டுமானப் பணியில் இருந்தார். அவரோடு வேலை பார்த்த டிராப்ட்ஸ்மேன் ஒருவரின் அப்பா, ஹட்டன் பக்கம் கணக்கப்பிள்ளையாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் தமிழ்ப் பெயரைச் சொன்ன அரை நிமிஷத்தில், "அதுவா, அது இன்ன எஸ்டேட்டோட கீழ் டிவிஷன்" என்று ஆங்கிலப் பெயரைச் சொல்லிவிட்டார். நான் ஒரு மாதம் கம்ப்யூட்டரைத் தட்டியும் கிடைக்காதது, ஒரு பெரியவரின் ஞாபகத்தில் இருந்தது.

தேடும் வேலையை ஒரு நிறுவனமாகச் செய்த உதாரணங்கள் உலகத்தில் இருக்கின்றன. முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கம் ஜெனீவாவில் கைதிகளுக்காகச் சுமார் 70 லட்சம் அட்டைகள் எழுதி வைத்தது. 1983ல் தென்கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சி, போரில் பிரிந்த குடும்பங்களுக்காக 138 நாளில் 453 மணி நேரம் ஒளிபரப்பி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைச் சேர்த்து வைத்தது. பெயர் எழுதிய அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் கேமரா முன் நின்றார்கள். அதே 1983ல் நம் பக்கம் என்ன நடந்தது என்பதை மேலே எழுதிவிட்டேன். அழுகைக் கோச்சியில் பிரிந்தவர்களுக்கு அப்படி ஒரு அட்டையோ கேமராவோ இல்லை. அவரவர் சொந்தத்தை அவரவர்தான் தேட வேண்டும்.

ஹட்டனில் ஒரு நாள்

கொரோனாவும், 2022ல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியும் முடியக் காத்திருந்து 2023 பிப்ரவரியில் போனேன். கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ரயில். ஸ்டேஷனில் இறங்கியதும், பாட்டியின் தம்பி எந்தப் பிளாட்பாரத்தில் ஓடி வந்திருப்பார் என்று பார்த்தேன். பார்த்து என்ன செய்ய, கண் கலங்கியதுதான் மிச்சம்.

தோட்டத்தில் லயங்கள் அப்படியே இருந்தன. ஒரு காம்பரா, முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. பாட்டி பிறந்த லயம் எது என்று சொல்ல ஆள் இல்லை. ஆபீசில் பழைய செக்ரோல் எதுவும் இல்லை என்றார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். உபயதாரர் கல் ஒன்று சுவரில் பதித்திருந்தது. அதில் ஆறாவது பெயர், பாட்டியின் அப்பா பெயர்! பெயருக்குப் பக்கத்தில் முசிறித் தாலுகாவில் ஒரு கிராமத்தின் பெயர். 'எனக்கு எந்த ஊரு அங்க இருக்கு' என்று சொன்ன மனுஷன், சாமி முன்னால் மட்டும் ஊர்ப் பெயரைப் போட்டிருக்கிறார்.

கல்லைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு வயதான அம்மா வந்து, "யாரு தம்பி, இந்தியாவா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டு இருந்தவர் சொன்னார்: "எழுபத்தேழுல கலவரம் வந்துச்சுல்ல, ஆகஸ்ட் மாசம். மேல் லயத்த கொளுத்திட்டாங்க. உடுத்துன துணியோட காட்டுக்குள்ள ஓடினோம். அதுக்கப்புறம் ஏழெட்டுக் குடும்பம் இங்க இருக்க மாட்டோம்னு வவுனியாவுக்குப் போயிட்டாங்க. இவரு மகனும் போனான்."

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகக் குடும்பங்கள் பல வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின என்பதை நான் படித்திருந்தேன். அதில் எங்கள் குடும்பமும் ஒன்று என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு லீவு முடிந்துவிட்டது. அந்த அம்மாவின் பேத்தி வவுனியாவில் வாழ்க்கைப்பட்டிருந்தார். என் நம்பரையும், பாட்டியின் பெயரையும், கல்லின் போட்டோவையும் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

குரல்

மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. நாற்பது வயசு ஆண் குரல். தன் அப்பாவின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் சொல்லிவிட்டு, "எங்க அத்தை இருக்காங்களா?" என்று கேட்டது. அவ்வளவுதான் பதிவு.

பாட்டியின் தம்பி 2016ல் காலமாகிவிட்டார். நான் காலேஜ் முடித்து ஐந்து வருஷம் ஆன சமயம். சம்பாதித்துக்கொண்டிருந்தேன், பாஸ்போர்ட் இருந்தது, இன்டர்நெட் இருந்தது. 2015லேயே தலைமன்னார் ரயில்கூடத் திரும்ப ஓட ஆரம்பித்திருந்தது. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இதை நான் எப்படி எழுதினாலும் சரியாக வராது, விட்டுவிடுகிறேன்.

மறுநாள் காலை வீடியோ கால். பாட்டி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பி மகனுக்கு அப்பாவின் நெற்றியும் மூக்கும் அப்படியே. நாங்கள் எல்லாரும் பாட்டி அழுவார் என்று எதிர்பார்த்து நின்றோம். அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஏய்யா, எந்தம்பி கடைசி வரைக்கும் சோத்துக்குக் கஷ்டப்படாம இருந்தானா?"

"இல்ல அத்தை. எங்களுக்கு ரெண்டு ஏக்கர் வயல் இருக்கு. சண்டை நேரத்துல ரெண்டு தடவை எடம் பெயர்ந்தோம், அப்பக் கஷ்டம்தான். மத்தபடி அப்பா நல்லா சாப்பிட்டாரு."

"என் மேல கோவமா இருந்தானா?"

"கோவமா? எதுக்கு அத்தை?" அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சொன்னார். லயம் எரிந்த அன்றைக்கு அக்காவின் கடிதங்களும் விலாசமும் அதிலேயே போய்விட்டன. அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது 'பந்தலூர், நீலகிரி' மட்டும். அதை மட்டும் எழுதி மூன்று கடிதம் போட்டாராம். பதில் இல்லை. அக்காவுக்குத்தான் நம் மேல் ஏதோ வருத்தம், உதவி கேட்டு எழுதியிருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

இரண்டு பக்கமும் கோபம் இல்லை. விலாசம்தான் இல்லை. நாற்பத்தாறு வருஷம்!

அப்போதுதான் பாட்டி அழுதார்.

2024 மே மாதம் தம்பி மகன் குடும்பத்தோடு கோயமுத்தூர் வந்தார். எனக்கு மாமா முறை. பெட்டியைத் திறந்து ஒரு பட்டுச் சேலையை எடுத்து, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்து, என் அத்தை முன்னால் நீட்டினார். "அப்பா செய்ய வேண்டிய சீர். பிந்திப் போச்சு." அத்தைக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது, மருமகள் பக்கத்தில் நிற்கிறாள். "இந்த வயசுல எனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்" என்று வெட்கப்பட்டார். பாட்டி அதட்டினார்: "வாங்குடி, மாமன் வீட்டுச் சீரு!" அத்தை நமஸ்காரம் பண்ணி வாங்கிக்கொண்டார். அன்று மத்தியானம் பாட்டி பந்தியில் உட்காரவே இல்லை. தம்பி மகன் இலையருகே நின்று, போதும் போதும் என்று அவர் சொல்லச் சொல்லச் சோறு போட்டுக்கொண்டே இருந்தார்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு

உபதேசம் செய்யும் வயசு எனக்கு ஆகவில்லை. பட்ட அனுபவத்தில் சிலதை மட்டும் சொல்கிறேன்.

நம் கல்லூரியில் படித்தவர்களில் இலங்கை, பர்மா, மலாயா என்று ஏதாவது ஒரு கரையைத் தொட்ட குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. கேன்டீனில் நான் கதை சொன்ன அன்றே கூடலூர்க்காரத் தம்பி ஒருவன், "அண்ணா, எங்க வீட்டுலயும் இதே கதைதான்" என்றான். அவன் வீட்டில் தேட வேண்டியது தாத்தாவின் அண்ணன்.

பெரியவர்களிடம் ஊர்ப் பெயரைக் கேட்கும்போது, அவர்கள் வாயில் வருகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். நாம் திருத்தி எழுதினால் தடயம் அழிந்துவிடும். தோட்டத்தின் தமிழ்ப் பெயர், டிவிஷன், கங்காணி பெயர், குலதெய்வம், கோயில் பெயர் எல்லாம் உதவும். பழைய பாஸ்போர்ட், ஃபேமிலி கார்டு, கடித உறை எதையும் தூக்கிப் போடாதீர்கள். உறையின் மேல் இருக்கும் தபால் முத்திரை உள்ளே இருக்கும் கடிதத்தைவிட அதிகம் பேசும். இன்டர்நெட்டில் தேடுங்கள், தப்பில்லை. ஆனால் கடைசிக் கதவைத் திறப்பது பெரும்பாலும் கோயில் வாசலில் நிற்கிற ஒரு வயதானவர்தான். கிடைத்த பிறகும் அவசரப்படாதீர்கள். எதிர்ப் பக்கத்திலும் ஒரு வருத்தம் இருக்கலாம். அவர்களுக்கும் டயம் கொடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், இந்த விடுமுறையிலேயே கேளுங்கள். நான் ஏழு வருஷம் பிந்திவிட்டேன்.

பாட்டிக்கு இப்போது எண்பதாகிறது. ஞாயிறு தோறும் வவுனியாவுக்கு வீடியோ கால். பேச்சு பூராவும் நெல், மழை, யாருக்கு என்ன சமையல். தம்பியின் பதினோரு கடிதங்களையும் நான் ஸ்கேன் செய்து அவர் மகனுக்கு அனுப்பி வைத்தேன். அப்பாவின் கையெழுத்து அவர்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லையாம். 1974 கடிதத்தை அனுப்பலாமா வேண்டாமா என்று பாட்டியிடம் கேட்டேன்.

"அனுப்பு. அவன் அப்பன் எங்கிட்டக் கேட்டதுல தப்பில்லன்னு அவனுக்குத் தெரியட்டும்" என்றார்.

அனுப்பிவிட்டேன்.